சங்கத்துச் சுவரில் இடது பக்கம்

போன வருஷம்வரை சம்பூர்ணக்கா வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்பார்கள். அக்கா "ம்" என்பாள். அதோடு பேச்சை மாற்றிவிடுவாள்.

அது அவள் வீட்டுக்காரர் இல்லை. அவள் வீட்டுக்காரர் பெயர் ராமலிங்கம். படத்தில் இருந்தவர் ராமலிங்கத்தின் தோஸ்த் ஆரோக்கியசாமி. ஆனால் மரச்சட்டத்தின் கீழ்க்கட்டையில் சிவப்புப் பெயிண்டில் 'தோழர் ராமலிங்கம்' என்றுதான் எழுதியிருக்கும். பெயர் ஒருத்தருடையது, முகம் இன்னொருத்தருடையது. இந்தக் கூத்து ஆம்பூரில் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் எழிலரசி, அடுத்த வீட்டுக்காரி. அவள் ரிட்டயர் ஆகும்வரை ஒரே ஷூ கம்பெனியில், ஒரே ஸ்டிச்சிங் லைனில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் நாங்கள். எனக்கு வாய் ஜாஸ்தி, அவளுக்குக் கம்மி. அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போனோம் என்று நினைக்கிறேன். அவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

"அடுத்தவ புருஷன் படத்த எதுக்கு நடுக்கூடத்துல மாட்டி வெச்சிருக்க? தூக்கிப் பரண்மேல போடேன்" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமையானால் சாமந்தி வைப்பாள். கிறிஸ்துமஸ் வந்தால் மறக்காமல் ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றுவாள்.

"நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு. அவரு சாமிக்கு உண்டானத அவருக்குச் செய்யணும் இல்ல? அந்த வீட்ல எங்க ஆளுக்கு யாராவது செய்வாங்க" என்பாள்.

அந்த வீடு என்று அவள் சொல்வது அரக்கோணத்தில் இருக்கிற மரியம்மாள் வீடு. மரியம்மாள் ஆரோக்கியசாமியின் பெண்டாட்டி. ராமலிங்கத்தின் படம் ஆரோக்கியசாமியின் பெயரோடு அங்கே போய்விட்டது. எப்படி மாறிப்போனது, தெரிந்தும் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டால், சங்கக் கட்டிடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பஜார் பக்கம் திரும்புகிற இடத்தில் இப்போது ஃபிரிட்ஜும் டிவியும் விற்கிற பெரிய ஷோரூம் இருக்கிறதே, கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் ஒரு யூனிஃபார்ம்காரனை நிறுத்தி, அந்த இடத்தில்தான் சங்கம் இருந்தது. நான் இதுவரை அந்தக் கடையில் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. வாங்கவும் மாட்டேன். என் மகன் அங்கே தவணையில் வாஷிங்மெஷின் எடுக்கலாம் என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்கு அவன் சோறு தின்றானா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை.

சங்கம் என்றால் தோல் ஷாப் தொழிலாளர் சங்கம். தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் பெயர். அந்தக் கட்டிடத்தை எந்தப் பணக்காரனும் கட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் அப்பா காலத்து ஆட்கள், ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால், வெள்ளிக்கு வெள்ளி வந்து அவர்களே கட்டினார்கள். பாய்மார்கள் தொழுகை முடித்துவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் கலவை போட்டு வைத்திருப்பார்களாம். பாய்மார்கள் வந்து சுவர் எழுப்ப, இவர்கள் போய்ச் சாப்பிட்டு வருவார்களாம். மேலே மங்களூர் ஓடு, கீழே சிவப்பு சிமெண்டுத் தரை. காலனிக்காரன் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க யோசித்த காலத்திலேயே அந்தத் தரையில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள் என்று அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். கல்யாணம் அங்கேதான், பஞ்சாயத்து அங்கேதான். முதலாளி ஷாப்பைப் பூட்டிவிட்டால் கஞ்சித் தொட்டி திறப்பதும் அங்கேதான்.

சம்பூர்ணக்காவுக்கும் ராமலிங்கத்துக்கும் அந்தச் சிவப்புத் தரையில்தான் கல்யாணம் நடந்தது. மாலை எடுத்துக் கொடுத்தது ஆரோக்கியசாமி. மஞ்சள் கயிறு புதுசாக இருக்கும்போதே போனஸ் ஸ்டிரைக் வந்துவிட்டது. மற்ற புதுப்பெண்கள் புகுந்த வீட்டில் பால் காய்ச்சுவார்கள். இவள் சங்கத்தின் பின்பக்கம் மரியம்மாளோடு நின்று ஊருக்கே கஞ்சி காய்ச்சினாள். அண்டா பெரியது, துடுப்பு ஒன்றுதான். ஒருத்தி கை ஓய்ந்தால் இன்னொருத்தி வாங்கிக் கிண்டுவாள். அங்கேதான் மரியம்மாள் இவளுக்கு மரியா ஆனாள், இவள் அவளுக்குச் சம்பு ஆனாள்.

அந்த ஸ்டிரைக்கில்தான் போலீஸ் தடி பட்டு ராமலிங்கத்தின் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு விழுந்தது. "அதத் தடவினா சிரிப்பாரு எழிலு. 'இது கவர்மெண்டு வெச்ச பொட்டு'ன்னுவாரு" என்று அக்கா ஒருநாள் டீ பிரேக்கில் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். அப்போதே அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. வெட்கத்தைப் பார்!

ஸ்டிரைக் ஜெயித்தது. சந்தோஷம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஷாப்பில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று ராமலிங்கமும் ஆரோக்கியசாமியும் உள்ளே இறங்கினார்கள். விஷவாயு அடித்து இரண்டு பேரும் உள்ளேயே போய்விட்டார்கள்.

உடம்புகளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராகச் சங்கத்துக்குக் கொண்டுவந்து சிவப்புத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். மரியம்மாள் அப்போது நிறைமாசம். யாரோ ஒரு புண்ணியவான் அவள் காதில், ராமலிங்கம்தான் முதலில் இறங்கி மயங்கினான், அவனைத் தூக்கப் போய்த்தான் ஆரோக்கியசாமியும் செத்தான் என்று ஓதிவிட்டான். அத்தனை கூட்டத்தில் அவள் எழுந்து வந்து அக்காவின் முடியைப் பிடித்துக்கொண்டு, "உன் ஆளு கூப்ட்டுத்தான்டி என் ஆளு எறங்கினான்! என் கொழந்தைக்கு அப்பன் இல்லாம பண்ணிட்டீங்களேடி!" என்று அலறினாள். அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. முடியையும் விடுவித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள்தான் பிரித்துவிட்டார்கள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

சங்கம் போராடி அக்காவுக்கு ஷூ கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது. மரியம்மாள் இந்த ஊரே வேண்டாம் என்று அண்ணன் வீட்டுக்கு அரக்கோணம் போய்விட்டாள். அங்கே பெண் குழந்தை பிறந்தது, ஹெலன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. வேறு கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் செத்த தொழிலாளியின் படத்தைப் பெரிசாக்கிச் சங்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். ஒழுகுகிற லைன் வீட்டில் எங்கே மாட்டுவது? குடும்பத்துக்காரர்களும் சங்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் படம் என்று இருந்தது கம்பெனி கார்டில் ஒட்டியிருந்த குட்டிப் படம் ஒன்றுதான். அதை ரஷீத் அஹமது ஸ்டூடியோவில் கொடுத்தால், பெரிசாக்கி பிரஷ்ஷால் டச்சப் செய்து கொடுப்பார். அந்த மனுஷனுக்கு ஒரு சட்டைதான் வரையத் தெரியும் போலிருக்கிறது. செத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே பக்கத்து வகிடு, ஒரே மெல்லிய மீசை. பரு, வடு, சுருக்கம் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவார். சுவரைப் பார்த்தால் எல்லாரும் ஒருதாய்ப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள்.

ராமலிங்கத்தின் படம் வந்ததும் அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஸ்டூடியோவுக்கு நடந்தாள். முடியைப் பிடித்து இழுத்தபோதுகூட வாய் திறக்காதவள் அன்றைக்குக் கடைவாசலில் நின்று, "தழும்பு எங்க பாய்? தழும்பு இல்லாத ஆளு யாரோ எவரோ. எனக்குத் தெரியாது. போட்டுக் குடு" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். ரஷீத் பாய் தலையில் அடித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்துப் புருவத்துக்கு மேல் ஒரு கீற்று இழுத்துக் கொடுத்தார். அந்தச் சுவர் முழுக்கத் தழும்போடு இருந்த படம் அது ஒன்றுதான்.

இடது பக்கம் ராமலிங்கம், வலது பக்கம் ஆரோக்கியசாமி. ஒவ்வொரு மே தினத்துக்கும் மரியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவாள். இவள் இந்தப் படத்துக்கு மாலை போடுவாள், அவள் அந்தப் படத்துக்குப் போடுவாள். தோளும் தோளும் உரசும். பேச்சு கிடையாது. ஒரு வருஷம் அக்காவின் மாலை கூட்டத்தில் அறுந்து பூவெல்லாம் காலில் மிதிபட்டுவிட்டது. மரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். தன் மாலையின் நூலைப் பல்லால் கடித்து, பாதியை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். அப்போதும் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன சண்டை, சண்டைகூடப் போடாத சண்டை!

அப்புறம் கழிவுத் தண்ணீர் கேஸ் என்று சின்னச் சின்ன ஷாப்புகள் ஒவ்வொன்றாக மூடின. சங்கத்தில் ஆள் குறைந்தது. ஓடு விழுந்தால் மாற்ற ஆளில்லை. நிலத்தின் பத்திரம் ஏதோ பழைய டிரஸ்ட் பெயரில் இருந்ததாம். அந்த வாரிசுகள் விற்றுவிட்டார்கள். கேஸ் போட்டார்கள், தோற்றார்கள். யாரைத் திட்டுவது என்று சரியாகத் தெரியாததால் நான் எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சங்கச் செயலாளர் நசீர் அகமது கடைசி வேலையாகப் படங்களை இறக்கினார். சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது. பெயர் எழுதிய கீழ்க்கட்டைகள் மட்டும் தேறின. புதுச் சட்டம் போட்டு அந்தக் கட்டைகளை அடியில் அடித்துக் கொடுக்கச் சொல்லி எல்லாவற்றையும் ஃபிரேம் கடையில் கொடுத்தார். கடைக்காரனுக்கு எல்லாம் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே வகிடு. எந்தக் கட்டை எந்தப் படத்துக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நசீர் பாய்க்கோ வயசாகிக் கண் மங்கிவிட்டது. பெரிசாக எழுதியிருந்த பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் தெருவுக்கு வந்த அன்று நல்ல மழை. படத்துக்கு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தார், தான் தொப்பலாக நனைந்திருந்தார். "எடத்தக் காப்பாத்த முடியலம்மா. இவங்களயாவது வீடு சேத்துட்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனுஷன் வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். அக்கா பையைப் பிரித்தாள். புருவத்துக்கு மேல் கீற்று இல்லை. நானும் பார்த்தேன். "பாய், இது..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையை நசுக்கிவிட்டாள்.

"உள்ள வாங்க பாய். டீ போட்றேன், குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவர் போன பிறகு நான் சண்டைக்கு நின்றேன். அக்காதான் என்னை அடக்கினாள். "எடத்துக்காக அழுதுக்கினு நிக்கிறாரு. படமும் மாறிப்போச்சின்னு அவரு தலையில போடச் சொல்றியா? மே தினத்துக்கு மரியா வருவா இல்ல, அப்போ மாத்திக்கலாம்" என்றாள்.

மே தினம் வந்தபோது கட்டிடம் இல்லை. இடித்த கல்லும் மண்ணும்தான் கிடந்தன. மிச்சம் இருந்த நாலு பேர் ரோட்டோரத்தில் கொடி ஏற்றினார்கள். அக்கா ஆரோக்கியசாமியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மரியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. நசீர் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். ரஷீத் பாயின் ஸ்டூடியோ எப்போதோ மூடியாகிவிட்டது.

"நேரா போய் வாங்கிக்கினு வா. அரக்கோணம் இன்னா அமெரிக்காவா?" என்பேன்.

"அவ வாசப்படிய நான் எப்டி ஏறுவேன்? அவ எப்டி என் வாசப்படிய ஏறுவா? சங்கம்னா அது பொது எடம். யாரும் யார் வீட்டுக்கும் வரல. அங்க பாத்துக்கறது வேற, எழிலு" என்பாள்.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வருஷம் சர்க்கரை அக்காவின் கண்ணில் இறங்கியது. சத்துவாச்சாரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பூர்ணிமா என்று ஒரு சின்னப் பெண், பொறுமையாகப் பார்த்தாள். "நடுப் பார்வை போய்டுச்சும்மா. ஓரத்துல இருக்கறத கொஞ்ச நாளைக்குக் காப்பாத்தப் பாக்கறேன். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது" என்றாள். எதை நேராகப் பார்த்தாலும் அக்காவுக்கு அங்கே ஒரு கறுப்புதான் தெரிந்தது. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

 திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். "எழிலு, அவரு மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுடி" என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"தழும்பு ஞாபகம் இருக்குது. சிரிப்பு ஞாபகம் இருக்குது. எல்லாத்தையும் சேத்து மூஞ்சியா ஆக்கிப் பாத்தா ஆரோக்கியண்ணன்தான் வந்து நிக்கிறாரு. தெனம் இவரையே பாத்து பாத்து..."  சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "கண்ணு போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ அவரப் பாத்துட்றேன். அதுக்கப்புறம் போனா போவட்டும்."

 எனக்குக் கோபம்தான் வந்தது. "வாசப்படியாவது மண்ணாங்கட்டியாவது, ஞாயித்துக்கெழம கெளம்பற" என்றேன்.

மரியம்மாளின் மருமகன் ராஜேஷ் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருப்பது ஆம்பூரில் பல பேருக்குத் தெரியும். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆரோக்கியசாமியை அதே பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு காலைப் பாசஞ்சரில் போய் இறங்கினோம். கதவு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் வீட்டில் இருப்பார்களா? கோயிலுக்குப் போயிருந்தார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்றோம். ஒரு பொம்பளை வந்து பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "வேளாங்கண்ணி மாதா படம் இருக்குதா?" என்று கேட்டாள். படம் விற்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஹெலன், தலையில் முக்காடு. பின்னால் ராஜேஷின் கையைப் பிடித்துக்கொண்டு மரியம்மாள், முழங்கால் வலியோடு காலை இழுத்து இழுத்து வந்தாள். தெருவின் பாதியில் எங்களைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். அக்காவுக்கு அவள் முகம் தெரியவில்லை. "வர்றாளா? மரியாவா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஹெலன்தான் ஓடிவந்தாள். "சம்பூர்ணம் பெரியம்மாதான? வாங்க, வாங்க" என்று கதவைத் திறந்தாள்.

உள்ளே போனதும் எனக்குக் கண்ணில் பட்டது அந்தச் சுவர்தான். மாதா படத்துக்குப் பக்கத்தில் ராமலிங்கம். புருவத்துக்கு மேல் கீற்று. கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. கீழே பலகையில் எரிந்து குறைந்த மெழுகுவத்தி, ஒரு சின்ன டம்ளரில் ரோஜா.

எனக்கு வந்ததே கோபம்! "தெரியும் இல்ல உங்களுக்கு? ஆள் மாறிப்போச்சின்னு தெரிஞ்சுக்கினே இத்தன வருஷம் வெச்சிருந்தீங்களா? இந்தப் பொம்பள அங்க கண்ணு பூத்துக் கெடக்குறா!" என்று கத்திவிட்டேன்.

மரியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலைத் தொட்டாள். "சம்பு" என்றாள். அந்தப் பெயரை அவள் சொல்லி எத்தனை காலம் ஆகியிருக்கும்!

"நசீர் பாய் படத்தக் குடுக்க வந்தப்போதான்டி சொன்னாரு. மொதல்ல எறங்கி விழுந்தது என் ஆளு. உன் ஆளு வேணாம்னு கத்திக்கினே, இவனத் தூக்கத்தான் குதிச்சிருக்கான். 'அன்னிக்கே சொல்லியிருந்தா வயித்துப் புள்ளைக்காரி தாங்கமாட்டியேன்னு விட்டேன், அப்புறம் சொல்ல நேரமே வரலம்மா'ன்னு அழுதாரு. அவரு போனப்புறம் பிரிச்சுப் பாக்கறேன், உன் ஆளு சிரிச்சுக்கினு இருக்கான்.  கர்த்தரே அனுப்பிட்டாருன்னு நெனச்சேன். என் புருஷனுக்காக உசுர விட்டவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தக்கூடாதா நானு?"

"அத வந்து சொல்லக்கூடாதா மரியா?" என்றாள் அக்கா.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உன் வீட்டுக்கு வருவேன்? முடியப் புடிச்சவடி நானு. சங்கத்துல பாத்தா அங்கயே, அந்தத் தரையிலயே உன் கால்ல விழுந்துடலாம்னு இருந்தேன். எடம் கைமாறினாலும் கட்டடம் நிக்கும்னு நெனச்சு மே தினத்துக்கு ரயில் ஏறி வந்தேன். ஸ்டேஷன்லயே சொன்னாங்க, இடிச்சிட்டாங்கன்னு. அப்டியே திரும்பிட்டேன். எடமே இல்லாம எங்க வந்து சொல்றது?"

அக்கா கீழே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை, அவர்களைவிடச் சத்தமாக அழுதேன்.

ஹெலன் பெட்ஷீட்டைப் பிரித்தாள். அப்பாவைப் பார்த்ததும் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு மே தினமும் பாத்துக்கினு இருந்த மூஞ்சி பெரியம்மா. திடீர்னு இல்லாம போச்சு. போய்க் கேக்கலாம்மான்னு எத்தன தடவ அம்மாகிட்ட சொன்னேன்" என்றாள்.

ராஜேஷ் ராமலிங்கத்தை ஆணியிலிருந்து எடுத்து அக்காவின் கையில் கொடுத்தான். வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. நான் அவளைப் பிடித்து வாசலுக்கு, வெயிலுக்குக் கூட்டிவந்தேன். படத்தை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். உடனே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்க்கப் பயப்படுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். "பாருக்கா, இங்க பாரு" என்றேன்.

"பாத்துக்கினுதான்டி இருக்கேன். நேராப் பாத்தா மறைஞ்சு போறாரு" என்றாள்.

தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தார் போலிருக்கிறது. "தழும்பு இருக்குது" என்றாள். கொஞ்சம் கழித்து, "காது இவ்ளோ பெருசா!" என்று சிரித்தாள்.  வெயில் ஏறி எனக்குத் தலை சுட்டது. அவளை அவசரப்படுத்த மனம் வரவில்லை. ஹெலன் சோறு வடித்து, கறிக்குழம்பு வைத்து முடிக்கும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடிந்து கிளம்பும்போது நான் ராமலிங்கத்தைப் பெட்ஷீட்டில் சுற்றப் போனேன். அக்கா தடுத்தாள். "ராஜேஷ் தம்பி, பக்கத்துல இன்னொரு ஆணி அடிப்பா" என்றாள்.

"இன்னாக்கா பேசற? இதுக்கா வந்தோம்?" என்று எகிறினேன்.

"நான் பாத்துட்டேன் எழிலு. அங்க கொண்டாந்து மாட்டினா இனிமே யாரு பாப்பா? எனக்குக் கண்ணு இல்ல. என் வீட்ல வேற யாரு இருக்காங்க? இங்க மரியா இருக்கா, பொண்ணு இருக்குது, நாளைக்கு அதோட புள்ளைங்க பாக்கும். தோஸ்த் பக்கத்துல இருக்கட்டும். சங்கத்துல அப்டித்தான இருந்தாரு?"

ராஜேஷ் ஆணி அடித்தான். கீழ்க்கட்டைகளைக் கழற்றி அவரவர் பெயரை அவரவருக்கு மாற்றிவைத்தான். இரண்டு பேரும் ஒரே வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ரயிலில் வரும்போது அக்கா காலிப் பெட்ஷீட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, கும்பகர்ணன் மாதிரி தூங்கிக்கொண்டே வந்தாள்.

மழைக்காலத்துக்குள் ஓரத்தில் மிச்சமிருந்த பார்வையும் போய்விட்டது. அவள் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. இந்த மே தினத்துக்குக் கம்பெனி லீவு. காலையிலேயே குளித்து, மாலை வாங்கிவரச் சொல்லி, நான் கிளம்புவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஷோரூமைத் தாண்டும்போது ஆட்டோவில் என்னைக் கேட்டாள், "சங்கம் எடம் வந்துச்சா?" என்று. வந்துவிட்டது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்ற யூனிஃபார்ம்காரன், தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்து அவனும் கும்பிட்டான்.

அரக்கோணத்தில் மரியம்மாள் மாலையோடு காத்திருந்தாள். அக்காவைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"மரியா, எந்தப் பக்கம்?" என்றாள்.

"எடது பக்கம்டி சம்பு. உன் ஆளு எப்பவும் எடது பக்கம்தான?" என்று சொல்லி மரியம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். மாலையோடு சேர்த்து ஆணிவரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள்.